சிங்காரத்தின் பதினோராவது குரல்

பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்முக்கு ஏறும் சாலையில், தேயிலைத் தோட்டத்துப் பாதை வந்து சேரும் முக்கில் ஜப்பார் ராவுத்தரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து நீங்கள் ஒரு மீன்கறிச் சோறு கேட்டால், அடுத்த நொடி உங்கள் குரலே உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு மீன்கறிச் சோறு கேட்கும். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தால், தோளில் துண்டோடு, ஒன்றும் அறியாதவன் மாதிரி நடுத்தூணில் சாய்ந்தபடி ஒருவன் நிற்பான். அவன்தான் சிங்காரம். முதல் தடவை வந்தவர்களுக்குக் கோபம் வரும். இரண்டாம் தடவை சிரிப்பு வரும். மூன்றாம் தடவை, சாப்பாடு தங்கள் நாக்குக்கென்றே அளந்து வந்திருப்பதைக் கண்டு பேசாமல் சாப்பிடுவார்கள்.

அவன் வெறும் குறும்புக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. குறும்பும் உண்டு, இல்லையென்று சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் காரணமும் இருந்தது. கடை நீளமானது. முன்னால் சாப்பிடும் கூடம், நடுவில் திறந்த முற்றம், அதற்கும் பின்னால் அடுப்படி. அங்கே மூன்று பம்பு அடுப்புகள் உறுமும். உரலில் மிளகாய் இடிபடும். ரொட்டி மாவு கல்லில் அறைபடும். மேலே தகரக் கூரை. இந்த மலையில் மழை பெய்யாத மத்தியானம் ஏது? அத்தனை இரைச்சலுக்கும் நடுவில் சேக் தாவூத் பண்டாரி நின்று சமைப்பார். கறிச்சோறு ஒன்று என்று சொன்னால் அவருக்குப் போதாது. யாருக்கு என்று தெரிய வேண்டும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பழனியப்பன் மூக்கால் பேசுகிறவர், வயிற்றுப்புண்காரர். மூக்குக் குரல் வந்தால் பண்டாரியின் கை மிளகாய்ப் பக்கமே போகாது. திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வரும் லோரி டிரைவர் மாடசாமிக்குக் கரகரத்த தொண்டை. அந்தக் கரகரப்பு கேட்டால் குழம்பு இரட்டிப்பாக விழும், அரைத்த மிளகாய்ச் சம்பல் ஒரு கரண்டி கூட வரும். அவசரகாலம் அது, மலாய்ச் சொல்லால் டாருராட் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வெள்ளைக்கார அரசை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடக் கூடாதென்று அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். சோற்றில் தாராளம் காட்ட முடியாதவர்கள் குழம்பிலாவது காட்ட வேண்டாமா? இப்படி வாடிக்கைக்காரர்களுக்கென்று சிங்காரம் பத்துக் குரல்கள் வைத்திருந்தான். புதியவன் வந்தால் அந்தப் பத்தில் எது ஒட்டுகிறதோ அதை எடுத்துச் சற்றே ஒடித்து வளைத்துக்கொள்வான். குரல் முற்றத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்ததும் பண்டாரி கரண்டியால் சட்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். டங். அப்படியென்றால் புரிந்தது, வருகிறது என்று அர்த்தம்.

டங் சத்தத்துக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். சிங்காரம் காத்திருந்தது வேறொன்றுக்காக. அவன் குரல் கொடுத்ததும் அடுப்படி மூலையில் ஓர் அம்மி ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு மறுபடி ஓடும். அந்த அம்மிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி செல்லம். இரண்டு வருடமாக அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறையில்தான் குடியிருந்தார்கள். ஒரே பானைச் சோற்றைத்தான் தின்றார்கள். ஆனாலும் அந்த அம்மி நிற்கிற ஒரு மூச்சு நேரம்தான் அவர்களுக்குள் இருந்த மொத்தப் பேச்சுவார்த்தை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு சிங்காரம் தோட்டத்தில் பேர் கூப்பிடுகிறவனாக இருந்தான். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, கங்காணி சொல்லச் சொல்ல இவன் பேர்களைக் கூப்பிடுவான். மூன்று மலைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளிலும் கேட்கும். ஒரு நாள் செல்லத்துக்குக் குளிர் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்தவள், "ஒரு நாளு லீவு வுட்டா இந்தத் தோட்டம் என்ன மலையேறிப் போயிடுமா?" என்று தனக்குத்தானே முனகினாள். அவ்வளவுதான். அன்றைக்குப் பனி, பக்கத்தில் நிற்கிறவனுடைய மூக்கு தெரியாத பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குரல் வந்தது. "இன்னிக்கு வேலே இல்லே! எல்லாரும் வூட்டுக்குப் போ! நல்லா தூங்கு!"

இருநூறு பேர் துரையை வாழ்த்திக்கொண்டே லயத்துக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். உண்மையான துரை வந்து பார்த்தபோது களத்தில் ஒரு நாய் மட்டும் நின்றது. சாதாரணக் காலமாக இருந்தால் திட்டோடு போயிருக்கும். இது டாருராட். இருநூறு பேர் வேலைக்கு வரவில்லையென்றால் வேலைநிறுத்தம்; வேலைநிறுத்தமென்றால் காட்டுக்காரர்கள் தூண்டிவிட்டது. இரண்டு லோரி போலீஸ் வந்து இறங்கியது. குளிருக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி விசாரித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, "தொரைதான் சொன்னாரு" என்றார்கள்.

விஷயம் வெளிவந்ததும் செல்லம் புருஷனைத் துரையிடம் மன்னிப்புக் கேட்க அனுப்பினாள். நல்ல பிள்ளையாகப் போனான். கை கட்டினான். வாயைத் திறந்தான். வந்ததோ துரையின் குரல்! பழக்க தோஷம். "நான் பண்ணுனது ரொம்ப தப்பு மேன்!" துரைசாணி வெடித்துச் சிரித்துவிட்டாள். துரை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வரும் வழியில் செல்லம் நின்று, "ஒன் வாயால சொல்லுய்யா, தப்புன்னு" என்றாள். அவளைச் சிரிக்க வைத்துவிடலாமென்று நினைத்தவன் துரை குரலில் சொன்னான். சிரிக்கவில்லை. கிராணி குரலில் சொன்னான். கங்காணி குரலில் சொன்னான். "இதுக்கு மேல என்னத்தப் பேசறது" என்று அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதுதான் அவள் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை. வீடு போன ஆத்திரம், நாளாக நாளாக ஆறிவிடும் என்று சிங்காரம் நினைத்துக்கொண்டான். மக்கு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு புதன்கிழமை குடைசாய்ந்தது. அந்தக் காலத்தில் மலையிலிருந்து லோரிகள் தனித்தனியாக இறங்க முடியாது. திரிங்காப், கோலா தெர்லா லோரிகளெல்லாம் ராவுத்தர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். முன்னும் பின்னும் இராணுவ வண்டி வரும். சார்ஜன் விசில் அடித்தால் சாப்பிட்ட கையோடு ஓட வேண்டியதுதான். கான்வாய் என்பார்கள். அந்தப் புதன்கிழமை பெய்த மழை தகரத்தில் அடித்த அடியில் சிங்காரத்தின் பத்துக் குரலும் முற்றத்திலேயே மூழ்கிவிட்டன. டங் வரவில்லை. மறுபடி கத்தினான். வரவில்லை. விசில் அடித்தார்கள். ஏழு டிரைவர்கள் வெறும் வயிற்றோடு எழுந்து போனார்கள். மாடசாமி போகிற போக்கில், "ராவுத்தரே, அடுத்த வாரம் சீனன் கடையில மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கறோம்லா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சொல் ராவுத்தருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மறுநாளே ஈப்போவில் மின்சாமான் விற்கும் தங்கராஜுவுக்குச் சொல்லி அனுப்பினார். அடுத்த கான்வாயில் தங்கராஜு மூன்று விதமான சாமான்களோடு வந்து இறங்கினான். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பேசுவதற்கு.

ராவுத்தர் எதைச் சொல்வதற்கு முன்னும் இரண்டு தடவை இருமுவார். இருமிக்கொண்டு சொன்னார்: "சிங்காரம், அடுப்படிச் சத்தம் ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. மூணையும் வச்சுப் பாரு. எது தேறும்னு நீயே சொல்லு. தேறுனதும் ஒனக்கு ஓய்வு. கோலா தெர்லாவுல லோரிக்காரங்களுக்கு ஒரு தேத்தண்ணிக் கொட்டகை போடறேன். நீ போய் அதப் பாத்துக்க."

"செல்லம், மொதலாளி?" என்று கேட்டான் சிங்காரம், கிராணியின் பணிவான மூக்குக் குரலில். முதலாளியிடம் பேசும்போது அந்தக் குரல்தான் அவனுக்கு வசதி.

"அது எப்படிப்பா? மசாலா அரைக்க அவளை விட்டா ஆளு ஏது? அவ இங்கதான்."

கோலா தெர்லா ஒன்றும் கடல் கடந்த ஊரில்லை. ஆனால் ஊரடங்கும் கம்பிவேலியும் பாஸும் இருந்த நாளில் அங்கே போகிறவன் நினைத்தபோதெல்லாம் திரும்பி வந்துவிட முடியாது. பேசாத பெண்டாட்டியானாலும், பத்துக் குரலில் கூப்பிட்டால் அம்மியையாவது நிறுத்துகிறாளே, அதுவும் போய்விடுமே என்று அவன் நினைத்தான். தன் குழியைத் தானே வெட்டச் சொல்கிறார் மனுஷன்! வெட்டுகிற மாதிரி வெட்டி, மண்ணைத் திரும்ப மூடிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்துக்கொண்டான்.

முதல் சாமான் ஒரு குழாய். கப்பலில் மேல்தளத்திலிருந்து இயந்திர அறைக்குப் பேசுவார்களே, அந்த மாதிரி. கல்லாவிலிருந்து முற்றத்தின் ஓரமாக அடுப்படி வரை தங்கராஜு அதை இழுத்துக் கட்டினான். சிங்காரம் பவ்வியமாக, "பத்து மணிக்குப் பாத்தா நல்லாருக்கும் மொதலாளி, அப்பதான் சத்தம் உச்சத்துல இருக்கும்" என்றான். பத்து மணிக்குச் சத்தம் உச்சத்தில் இருந்தது உண்மை. பத்து மணிக்குத்தான் செல்லம் சம்பலுக்கு வறமிளகாய் வறுப்பாள் என்பதும் உண்மை. அதை அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

குழாயில் வாயை வைத்துப் பேசிய ராவுத்தர், பதிலுக்காகக் குழாயையே பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ஒரு சட்டி மிளகாயின் நெடி மொத்தமாக அவர் மூக்குக்குள் இறங்கியது. அரை மணி நேரம் இருமினார். கண்ணும் மூக்கும் ஒழுக, "எடுரா அத! எடுத்து எறிடா!" என்று அலறினார். தங்கராஜு குழாயைக் கழற்றும்போது அடுப்படியில் இரண்டு பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஒன்று செல்லத்தின் சிரிப்பா என்று சிங்காரத்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது போன். கைப்பிடியைச் சுற்றினால் மணியடிக்கும், பட்டாளத்தில் வைத்திருக்கிற மாதிரியான போன். எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குத் தங்கராஜு, "வாங்குனேன்" என்று மட்டும் சொன்னான். பண்டாரிக்கு இரண்டு கையும் ரொட்டி மாவில் இருக்கும். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரு ரொட்டியை விசிறினார். போன் நழுவிப் பருப்புக் குழம்பில் விழுந்தது. ஒயரைப் பிடித்து இழுத்து, துடைத்து, மறுபடி காதில் வைத்துக்கொண்டார். அப்போதும் அது வேலை செய்தது! தங்கராஜுவின் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

சிங்காரம் அதைவிடப் பூரித்துப் போனவனாக, "அருமையான போன் மொதலாளி. பன்னெண்டு மணிக்குச் சார்ஜன் சாப்பிட வருவாரு. அவங்க போன் மாதிரியே இருக்குன்னு காட்டுனா ரொம்பச் சந்தோசப்படுவாரு. ஒயரு எங்கெங்க போவுதுன்னு வேற ஆசையா கேப்பாரு" என்றான்.

ராவுத்தர் ஒயர் போகும் வழியைத் திரும்பிப் பார்த்தார். டாருராட் காலத்தில் பட்டாளத்துப் போனும், கடைக்குப் பின்னால் காட்டுப் பக்கமாக ஓடும் ஒரு ஒயரும்! பதினொன்றரைக்குள் போன், ஒயர், மணி எல்லாம் சுருட்டப்பட்டுத் தங்கராஜுவின் பெட்டிக்குள் போய்விட்டன.

இரண்டு ஒழிந்தது என்று சிங்காரம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டான். ஆனால் மூன்றாவது அவனை ஏமாற்றிவிட்டது. மரத்தால் ஆன இரண்டு பெட்டிகள், முகத்தில் துணி போட்டிருக்கும், பேட்டரியில் ஓடும். கல்லாவில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை. அதை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். கல்லாப் பெட்டி முதலாளிப் பெட்டி. அதை அழுத்தினால் அடுப்படிப் பெட்டி வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அடுப்பு உறுமட்டும், மழை கொட்டட்டும், அது பேசினால் அறை முழுக்கக் கேட்டது. காதில் வைக்க வேண்டாம், கையில் பிடிக்க வேண்டாம். சிங்காரம் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் குறை அகப்படவில்லை.

"தேறுமா?" என்றார் ராவுத்தர்.

"தேறும் மொதலாளி" என்றான். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. மூக்குக் குரலும் சரியாக வரவில்லை.

"அப்ப புதன்கிழமை கான்வாயன்னிக்கு முழுசா ஓட்டிப் பாத்துருவோம். வியாழக்கிழமை நீ கோலா தெர்லாவுக்குக் கெளம்பு."

புதன்கிழமைக்கு முன்பு இரண்டு ராத்திரிகள் சிங்காரத்துக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது பளிச்சென்று ஒன்று தோன்றியது. அட, பெட்டிக்கு முகம் இல்லையே! உள்ளே வருகிற குரல் யாருடையது என்று அடுப்படிக்கு எப்படித் தெரியும்? ராவுத்தர் கல்லாவைவிட்டு ஒரு நிமிஷம் நகர்ந்தால் போதும். அவருடைய இருமல் இரண்டு, அவருடைய குரலில் ஒரு கட்டளை: "அடுப்பையெல்லாம் அணைங்கப்பா, கான்வாய் இன்னிக்குக் கெடையாது, எல்லாரும் போய்ப் படுங்க." நாற்பது பேர் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அடுப்படி படுத்துத் தூங்கினால், அந்தப் பெட்டியை ராவுத்தரே கோடாலியால் பிளப்பார். ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லையா என்று கேட்காதீர்கள். சிங்காரத்துக்குக் கைவசம் இருந்த வித்தை அது ஒன்றுதான்.

புதன்கிழமை மழையும் வந்தது, கான்வாயும் வந்தது, நாற்பது பேரும் வந்தார்கள். தங்கராஜு கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். சிங்காரம் தூணருகே சும்மா நின்றான். ராவுத்தர் கட்டையை அழுத்தினார். இருமல் இரண்டு. "மீன்கறிச் சோறு மூணு, ரொட்டி ஆறு!" பெட்டி, "சரி" என்றது. எத்தனை சுத்தம்! முதல் பத்து நிமிஷம் ராவுத்தருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு சாப்பாடு வர ஆரம்பித்தது. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நாற்பது பேருக்கும் ராவுத்தர் குரல்தானே போனது. பண்டாரி நாற்பது தட்டையும் ராவுத்தர் சாப்பிடுகிற மாதிரியே, காரம் கூட்டிக் குழம்பைக் குறைத்துப் போட்டு அனுப்பிவிட்டார். கிராணி ஒரு வாய் வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பானைக்கு ஓடினார். மாடசாமி தட்டைச் சாய்த்துப் பார்த்து, "கொழம்பு எங்கலா? வாசம் மட்டும் காட்டிட்டுப் போயிடுச்சா?" என்றான். கூடம் முழுக்க முணுமுணுப்பு. போதாக்குறைக்குச் சார்ஜன் வந்து, லோரி ஒன்று வழியை மறிக்கிறதென்று ராவுத்தரை வெளியே கூப்பிட்டார். ராவுத்தர் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சிங்காரம் துண்டைச் சரிசெய்துகொண்டு, மேசை துடைக்கிற சாக்கில் கல்லாவுக்கு நகர்ந்தான். விரலைக் கட்டையின் மேல் வைத்தான். ராவுத்தரின் இருமல் தொண்டை வரை வந்து தயாராக நின்றது. அப்போது பெட்டி தானாகப் பேசத் தொடங்கியது.

"தொல்லை புடிச்ச பெட்டி" என்றது சேக் தாவூத் பண்டாரியின் குரல். "ஒரு சரி சொல்லணும்னா ஒரு தடவ கை கழுவணும். இப்ப எப்பிடி? இனிமே நீ பாட்டுக்கு அமுங்கியே கெட!"

நடந்தது இதுதான். ஒவ்வொரு தடவையும் மாவுக் கையைக் கழுவிக் கட்டையை அழுத்திச் சலித்துப்போன பண்டாரி, ஒரு உருண்டை ரொட்டி மாவை எடுத்துக் கட்டையின் மேல் அப்பி அழுத்திவிட்டார். அடுப்புச் சூட்டில் அது இறுகிப் பிடித்துக்கொண்டது. இனி அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தாலும் கூடத்தில் கேட்கும். அது பண்டாரிக்குத் தெரியாது. தங்கராஜுவுக்குத் தெரிந்தது, அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டான்.

"மொதலாளி இருமறாரா, ஆர்டர் குடுக்கறாரா, ஒண்ணும் வெளங்கல" என்றார் பண்டாரி. கூடம் கொல்லென்று சிரித்தது. "அவரு கொரலக் கேட்டாலே எனக்குக் கை ஓட மாட்டேங்குது. ஏன் தங்கச்சி, ஒன் புருசன் நாளைக்குக் கோலா தெர்லா போறானாமே. இனிமே ஒனக்கு நிம்மதிதான், இல்ல?"

அம்மி நின்றது. பெட்டி வழியாக அது நிற்கிற சத்தம்கூடக் கேட்டது.

"நிம்மதியா? நல்லாச் சொன்னீங்க பாய்!" செல்லத்தின் குரல். இரண்டு வருடத்துக்குப் பிறகு. சிங்காரத்தின் விரல் கட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "ரெண்டு வருசமா இந்தக் கல்லுகிட்ட ஒக்காந்துகிட்டுக் காதத் தீட்டி வச்சிருக்கேன். கிராணி கூப்புடுறாரு. லோரிக்காரன் கூப்புடுறான். சார்ஜன் கூப்புடுறாரு. எம் புருசன் மட்டும் ஒரு நாளும் கூப்புடக் காணோம்."

"வீடு போச்சுன்னுதான் கோவம்னு நெனச்சேன்மா."

"போனாப் போவுது அந்த ஒழுவுற லயம்! எனக்கு மேலு முடியலன்னுதானே அந்த ஆளு லீவு வுட்டாரு, அது எனக்குத் தெரியாதா? ஊர்ல எவ புருசன் பொண்டாட்டிக்காக ஒரு தோட்டத்துக்கே லீவு வுட்டான்? ஆனா எங்கிட்ட வந்து தப்புன்னு சொல்றாரு பாருங்க, அதுவும் தொரை கொரல்ல! தொரைக்கா நான் கழுத்த நீட்டுனேன்?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கிராணி தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் குவளையோடு நின்றார். மாடசாமி வாயில் வைத்த கையை எடுக்காமல் சிங்காரத்தைப் பார்த்தான். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்த ராவுத்தரும் படியிலேயே நின்றுவிட்டார்.

"இருக்கிற பத்துக் கொரலும் நாளைக்குப் போயிடும்" என்றாள் செல்லம். "அதுக்கப்புறம் நான் எதுக்குக் காது குடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும், சொல்லுங்க."

சிங்காரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. தொண்டையில் நின்ற ராவுத்தரின் இருமலை விழுங்கினான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து எவன் குரலிலாவது பேசினால்தான் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் குரலை அவன் எங்கேயோ போட்டுவிட்டான். கட்டையை அழுத்தினான்.

"செல்லம்" என்றான். கனமில்லாத, நடுவில் கொஞ்சம் உடைந்த, சாதாரணக் குரல். "நாந்தான். தப்புத்தான் செல்லம். லயம் போனதுக்குச் சொல்லல. ஒங்கிட்ட வந்து தொரை மாதிரி பேசுனேன் பாரு, அதுக்குச் சொல்றேன். நான் கோலா தெர்லாவுக்குப் போவல. போவச் சொன்னாலும் போவல."

விரலை எடுத்தான். பெட்டிக்குள்ளிருந்து பண்டாரி கேட்டார்: "யாருப்பா இது, புதுக் கிராக்கியா இருக்கு? இந்தக் கொரல நான் கேட்டதே இல்லியே. இவருக்குக் காரம் எம்புட்டுப் போடறது?"

"அது எம் வீட்டுக்காரரு" என்றாள் செல்லம். "காரத்த நான் பாத்துக்கறேன். நீங்க தள்ளுங்க."

கூடம் அதிர்ந்தது. மாடசாமி மேசையைக் குத்தினான். "ராவுத்தரே, கோலா தெர்லாவுக்குப் பெட்டிய அனுப்புங்கலா! ஆள இங்க வுடுங்க!" கிராணி மூக்காலேயே, "ஆமாம், ஆமாம்" என்றார், அவருக்கு இன்னும் நாக்கு எரிந்துகொண்டிருந்தது. ராவுத்தர் இரண்டு தடவை இருமினார். நாற்பது முகங்களையும் பார்த்தார், பாதி தின்றும் தின்னாமலும் இருந்த தட்டுகளைப் பார்த்தார். "அதான் சரி" என்றார். "பெட்டி கோலா தெர்லா போவட்டும். டேய் சிங்காரம், என்னடா மரம் மாதிரி நிக்கிற? விசில் அடிக்கப் போறான், கூப்புடுடா!"

சிங்காரம் தூணுக்கு ஓடினான். அன்றைக்கு அவன் கூப்பிட்ட மாதிரி அதற்கு முன்னும் கூப்பிட்டதில்லை, பின்னும் கூப்பிட்டதில்லை. தகரத்து மழை தோற்றுப்போனது. மூக்குக் குரலுக்கு ஒரு டங், கரகரப்புக்கு ஒரு டங். கிராணிக்கு மிளகாய் படாத குழம்பு வந்தது. மாடசாமி கேட்காமலே சம்பல் கூட வந்தது. விசில் அடித்தபோது வெறும் வயிற்றோடு எழுந்தவன் ஒருவனும் இல்லை, தங்கராஜுவைத் தவிர. பெட்டியைக் கழற்றிக் கட்டையில் ஒட்டிய மாவைச் சுரண்டிச் சுரண்டியே அவன் சோறு ஆறிப்போனது.

கான்வாய் போன பிறகு சிங்காரம் கடைசி மேசையில் உட்கார்ந்தான். அடுப்படியிலிருந்து ஒரு தட்டு வந்தது. சோற்றைவிட மேலே சிவப்பாகச் சம்பல் நின்றது. இரண்டு வருடத்துக் கோபத்தையும் அந்தக் கல்லில் ஒரேயடியாக வைத்து அரைத்திருப்பாள் போலிருக்கிறது. முதல் வாயிலேயே காது அடைத்துக்கொண்டது. இரண்டாம் வாயில் மூக்கு ஒழுகியது. பண்டாரியும் ராவுத்தரும் தூணருகே நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவன் நிறுத்தாமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றான். கண்ணீர் தாடை வரை இறங்கியது. அதில் எவ்வளவு மிளகாயால் வந்தது என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பெட்டி இல்லாமல், ஒரு குரல் வந்தது. "தண்ணி வேணுமா?"

எந்தக் குரலில் பதில் சொல்வதென்று அவன் யோசிக்கவே இல்லை. "வேணும் செல்லம்" என்றான்.